அஸரைத் தாண்டாத சோதனை

முந்தாநாள் உங்கள் மேசை லாச்சியைத் திறந்தேன். திறந்ததும் சூடாகி ஆறின தூசியின் மணம் முகத்தில் அடித்தது. கொம்பியூட்டர் பெட்டியின் மூடியைக் கழற்றி நீங்கள் ஊதித் துடைக்கிறபோது திரைச்சீலைக்கு இந்தப் பக்கம் வருகிற அதே மணம். கொஞ்ச நேரம் கையை உள்ளே விடாமல் நின்றேன். மகள் கதீஜா உங்களுக்காக இத்தா இருக்கிறாள், புருசனை இழந்தவள் நாலு மாதம் பத்து நாள் அறையை விட்டு வெளியே வருவதில்லை. "உம்மா, அவருர மணிக்கூடு லாச்சிக்குள்ள கிடக்கும், எடுத்துத் தாங்க" என்று அவள்தான் அனுப்பினாள். மணிக்கூட்டைத் தேடின கைக்கு ஒரு கொப்பி அகப்பட்டது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் கணக்குச் செய்கிற சதுரக் கட்டக் கொப்பி.

நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவள். ஆனாலும் வாசிக்கத் தெரியாதவள் என்று ஒருத்தரையும் சொல்ல விட்டதில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நின்ற நிலையிலேயே வாசித்தேன். நாலு பக்கம்தான் இருந்தது. முடிக்கையில் உங்கள் கதிரையிலேயே இருந்துவிட்டேன். நீங்கள் உயிரோடு இருந்த காலத்தில் அந்தக் கதிரையில் நான் இருந்ததே இல்லை.

மருமகன், உங்களோடு நான் நேரே கதைக்கிற முதல் கதை இது. பதினொரு வருசம் ஒரு கூரைக்குக் கீழ் இருந்தோம். மகளுக்குக் கொடுத்த வீடு இது. எங்கள் ஊர் வழக்கப்படி நீங்கள்தான் இங்கே குடிவந்தீர்கள். வந்த நாளில் இருந்து நான் திரைச்சீலைக்குப் பின்னால்தான். மருமகன் முன்னால் மாமி வந்து நின்று கதைப்பது எங்கள் பெண்களுக்குப் பழக்கமில்லை. கதீஜா வீட்டில் இல்லாத நேரம் நான் பூனையோடு கதைப்பேன். "பூனை, சோறு ஆறுது எண்டு சொல்லு" என்பேன். நீங்கள் அந்தப் பக்கம் இருந்து, "பூனை, ஆணம் கொஞ்சம் கூடப் போடச் சொல்லு" என்பீர்கள். வீட்டில் பூனை செத்து இரண்டு வருசமான பிறகும் அப்படித்தான் கதைத்தோம்.

அந்தத் திரைச்சீலைக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு சுவிச்சு இருக்கிறது. கதீஜாவின் வாப்பா உயிரோடு இருக்கையில் எனக்காகப் போடுவித்தது. முன்னறையில் ரேடியோ பாடும். பாங்கு சொன்னால் ரேடியோவை நிற்பாட்ட வேண்டும், ஆனால் முன்னறையில் ஆம்பிளைகள் இருந்தால் நான் போக முடியாது. அதனால் முன்னறைப் பிளக் முழுவதற்கும் ஒரு சுவிச்சை உள்ளே, என் கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்தார். மோதினார் முதல் தக்பீரைச் சொல்லி வாய் மூடுமுன் என் கை அங்கே போய்விடும். பாங்கு முடிந்ததும் திரும்பப் போட்டுவிடுவேன். விட்ட இடத்தில் இருந்து ரேடியோ பாடும். அதனால் ஒருநாளும் ஒன்றுக்கும் கேடு வரவில்லை.

பிறகு அந்த இடத்துக்குக் கொம்பியூட்டர் வந்தது. கொழும்பில் யாரோ பாவித்துக் கழித்ததை வாங்கி, வான் வண்டியில் ஏற்றி, மடியில் வைத்துக்கொண்டு வந்தீர்கள். பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிக்கிறவருக்கு இது என்னத்துக்கு என்று நான் சுவரைப் பார்த்துக் கேட்டேன். நாலு மாதத்தில் விளங்கிவிட்டது. யுத்தக் குழப்பத்தில் வட்டைக்குப் போக முடியாமல் போன எங்கள் ஆட்கள் ஒவ்வொருவராக வரத் தொடங்கினார்கள். மேற்கே வயல்கள் விரிந்து கிடக்கிற அந்த வெளியை நாங்கள் வட்டை என்போம். காணி விசாரணை வரப்போகிறது என்று கதை அடிபட்டது. பலருக்குக் காணிப் பெர்மிட்டு எரிந்துபோயிற்று, சிலருக்குத் தொலைந்துபோயிற்று. அவர்கள் வாயால் சொல்வதை நீங்கள் மனுவாகத் தட்டிக் கொடுத்தீர்கள். ஊரெல்லாம் "சேர், சேர்" என்று உங்களைத் தேடி வந்தது. எனக்குத் தலை கொள்ளாத பெருமை. வருகிறவர்களுக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கை ஓய்ந்தாலும் சந்தோசம்தான்.

ஆதம்பாவா காக்கா வந்தது ஞாபகம் இருக்குமே. எண்பதைத் தாண்டின மனிதர், கம்பை ஊன்றிக்கொண்டு கல்முனைக்குடியில் இருந்து நடந்தே வந்தார்.

"எழுதுங்க தம்பி. வடக்கே பெரிய வாய்க்கால். கிழக்கே சொறிக்கல்முனைச் செல்லையாட வயல். ரெண்டுக்கும் நடுவில ஒரு மருதமரம், இடி விழுந்து ஒரு பக்கம் கரியாக் கிடக்கும்."

"மரத்தில இருந்து மடை எத்தின அடி, காக்கா?"

"அடியெல்லாம் எனக்கு என்னத்துக்கு? மரத்தடியில நிண்டு கூப்பிட்டா மடையில நிக்கிறவனுக்குக் கேக்கும். அதை எழுதுங்க."

எனக்குப் பொறுக்கவில்லை. "பூனை, அது பெரிய வாய்க்கால் இல்ல, கிளை வாய்க்கால் எண்டு சொல்லு" என்றேன்.

"ஆரு கா அது, உள்ளுக்க இருந்து எனக்கு வயல் படிப்பிக்கிற?" என்றார் அவர். நீங்கள் இரண்டு பேரும் சிரித்தீர்கள். ஆனால் கிளை வாய்க்கால் என்றுதான் கடைசியில் எழுதினீர்கள்.

மூன்று பின்னேரம் வந்து சொன்னார். அந்த எல்லையை அறிந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் அவர். மற்றவர் செல்லையா, குழப்பத்தில் அவரும் வீடு வாசலை விட்டுப் போனவர்தான், எங்கே என்று ஒருவருக்கும் தெரியாது. மரத்தையும் யாரோ தறித்துவிட்டார்கள் என்று கேள்வி. ஆக, அந்த வயல் அப்போது இருந்தது ஆதம்பாவா காக்காவின் வாயில்தான். அவர் சொல்லச் சொல்ல அது உங்கள் பெட்டிக்குள் போய்க்கொண்டிருந்தது. பிரிண்டருக்கு மை றிபன் கொழும்பில் இருந்து வர வேண்டும், வந்ததும் கடதாசியில் எடுக்கலாம், அதற்குள் முடித்து ஒரு பிளொப்பியிலும் பதிந்து வைக்கலாம் என்று இருந்தீர்கள்.

மூன்றாம் நாள் பின்னேரம். காக்கா எழும்பிப் போய்விட்டார். நீங்கள் கடைசி வரிகளைப் பதிந்துகொண்டிருந்தீர்கள். அஸர் பாங்கு சொன்னது.

என் கை போனது.

அந்த நேரம் எனக்கு ஒன்றும் தெரியாது, மருமகன். நெஞ்சில் கை வைத்துச் சொல்கிறேன். பாங்கு சொல்கையில் அந்தப் பெட்டியும் இரையக்கூடாது என்பதுதான் எனக்கு. முடிந்ததும் திரும்பப் போட்டேன். அது தானாக எழும்பி, திரையை நீலமாக்கிக்கொண்டு, கிர் கிர் என்று வேலை செய்தது. திரைச்சீலை நீக்கலால் பார்த்தேன். நான் நிற்பாட்டுகிற ஒவ்வொரு முறையும் அது இப்படித்தான் எழும்பும். ரேடியோ விட்ட இடத்தில் இருந்து பாடுகிற மாதிரி இதுவும் விட்ட வேலையைத் தொடங்குகிறது என்று நினைத்தேன். அது திடீரென்று நின்றதால் தனக்கு வந்த நோயைத் தானே பார்க்கிற திரை என்று எனக்கு யார் சொன்னார்கள்? கேட்கிற மாமியாக நான் இருந்தேனா?

"கறண்ட் போயிட்டு வந்திருக்கு" என்று கதீஜாவிடம் சொன்னீர்கள். ஓம், அந்தக் காலம் கறண்ட் நினைத்த நேரம் போகும், வரும். நானும் கறண்ட்காரர்களுக்கு நல்லாய் ஏசினேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை ஆதம்பாவா காக்கா மௌத்தாகிவிட்டார். ஜனாஸாவுக்குப் போய் வந்து, அவர் சொன்னதை எடுத்து வைப்போம் என்று திறந்தீர்கள். பெட்டி அதைத் திறக்க மறுத்தது. அதற்குள்ளேயே பிழை பார்த்துத் திருத்துகிற ஒரு சாமான் இருக்கிறதாம், ஸ்கேன்டிஸ்க் என்பீர்கள். அதைப் போட்டீர்கள். திருத்தவா என்று அது கேட்க, நீங்கள் ஓம் கொடுத்தீர்கள். உடைந்த துண்டுகளை அது பொறுக்கி, பேரில்லாமல் இலக்கம் மட்டும் போட்டு அடுக்கித் தந்தது. நீங்கள் மஃரிபுத் தொழுகைக்குப் போன நேரம் நான் மெதுவாக வந்து அந்தத் திரையைப் பார்த்தேன். திரை நிறையத் தமிழ் எழுத்து. வாசிப்போம் என்று எழுத்துக் கூட்டினேன். ஒரு சொல்லும் வரவில்லை. எழுத்தெல்லாம் எங்கள் எழுத்து, கதை மட்டும் இல்லை. ஒரு மனிதர் வாயைத் திறக்கிறார், சத்தம் வருகிறது, பேச்சு வரவில்லை என்கிற மாதிரி. நடுவில் ஓர் இடத்தில் மாத்திரம் மருதமரம் என்று முழுசாக நின்றது. எனக்கு மேல் கூசிப்போய், ஓடி உள்ளே வந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு நீங்கள் செய்த பாடு. பள்ளிக்கூடம் விட்டு வந்து, சோறு தின்ற கையோடு பெரிய சோதனையைத் தொடங்குவீர்கள். பெட்டிக்குள் இருக்கிற தட்டை ஓர் இடம் விடாமல் பார்க்கிற சோதனை. கதீஜா திரையைக் காட்டி எனக்கு விளங்கப்படுத்தினாள்.

"சின்னச் சின்னக் கட்டமா வருது பாருங்க உம்மா. கெட்டுப்போன இடத்தில B எண்டு எழுத்துப் போடும். பிறகு அந்த இடத்தில ஒண்டும் பதியாது."

"உவர் படிஞ்ச வயல் கண்டத்தை விதைக்காம விடுற மாதிரியா, புள்ள?"

"ஓம் உம்மா, அதேதான்."

நீங்கள் அந்தப் பக்கம் இருந்து, "பூனைக்கு என்னை விட விளங்குது" என்றீர்கள். அன்றைக்கெல்லாம் எனக்கு அந்தச் சொல்லே இனித்தது. அதே பின்னேரம் பாங்கு சொல்ல, அதே கையால் சுவிச்சைத் தட்டினேன். சோதனை பாதியில் செத்தது. மறுநாள் முதலில் இருந்து தொடங்கினீர்கள். மறுநாளும் தட்டினேன்.

இனி உங்கள் கொப்பியில் இருக்கிறதை அப்படியே எழுதுகிறேன்.

"பி.ப. 3.31. நின்றது. பக்கத்து வீட்டு மின்விசிறி சுற்றுகிறது."

"பி.ப. 3.31. மறுபடி. பக்கத்து வீட்டில் கறண்ட் இருக்கிறது. எங்கள் குசினியிலும் இருக்கிறது."

"பி.ப. 6.14. நின்றது. சோதனை ஒருநாளும் அஸரைத் தாண்டவில்லை. பின்னேரம் தொடங்கினால் மஃரிபைத் தாண்டவில்லை."

"இரவு இஷாவுக்குப் பிறகு தொடங்கினேன். முழுவதும் முடிந்தது."

அடுத்த பக்கத்தில் இரண்டே சொல். "பாங்கு. மாமி."

திரும்ப வாசித்தேன், என் பேருக்குப் பதிலாக வேறு ஏதும் இருக்காதா என்று. கீழே இன்னும் இரண்டு வரி.

"கதீஜாவிடமும் சொல்வதில்லை. பாங்குக்குப் பத்து நிமிடம் முன்னால் நானே ஒழுங்காக மூடிவிடுவது."

மருமகன், அந்த மாதத்தில் இருந்து நீங்கள் பாங்குக்கு முந்தியே எழும்பத் தொடங்கினீர்கள். வேலையை அப்படியே வைத்து, பெட்டியை மூடி, உளூச் செய்து, தொப்பியைப் போட்டுக்கொண்டு வாசலில் நிற்பீர்கள். அதைக் கண்டு நான் என்ன செய்தேன் தெரியுமா? வேலியில் நின்று பக்கத்து வீட்டுச் சுபைதாவிடம் அளந்தேன். "என்ட மருமகனைப் பாத்தியா? மோதினார் தொண்டையைச் செருமுறத்துக்கு முந்தி எழும்பிடுவார்" என்றேன். "உங்களுக்கு வாய்ச்சிருக்கு ராத்தா. எங்கட ஆளுக்கு இகாமத்துச் சொன்னாலும் கண் திறக்காது" என்றாள் அவள். அதைக் கேட்டு நான் உச்சி குளிர்ந்து நின்றேன். நீங்கள் எழும்பினது என் கைக்கு முந்துவதற்காக!

அதோடு முடிந்திருந்தாலும் மனதைத் தேற்றிக்கொள்வேன். அதே பக்கத்தின் அடியில் வேறு மையில் ஒரு வரி இருக்கிறது. "கலந்தர் வந்தார். என் கவனக்குறைவு என்று சொன்னேன்."

ஆதம்பாவா காக்காவின் மூத்த மகன் கலந்தர். வாப்பா சொன்னதைத் தாங்க என்று கேட்டு வந்தவர், இல்லை என்றதும் முற்றத்தில் நின்று சத்தம் போட்டது எனக்கு இப்போதும் காதில் கிடக்கிறது. தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள்.

"வாப்பாட வாயால சொன்னது, சேர்! இனி என்ன, கபுறைத் தோண்டிக் கேக்கச் சொல்றீங்களா?"

"என்ட பிழைதான், கலந்தர். நான் கவனமா இருந்திருக்கணும்."

"கறண்ட்டில பழியைப் போடுவீங்க எண்டு பாத்தன்."

"இல்ல. கறண்ட் இல்ல. என்ட பிழை."

நான் எங்கே நின்றேன்? சுவிச்சுக்குப் பக்கத்தில். அதில் சாய்ந்துகொண்டு, கதீஜாவுக்குச் சொல்கிற மாதிரி முற்றத்துக்குக் கேட்கச் சொன்னேன். "படிச்ச மனிசருக்கு ஒரு பெட்டியைக் காக்கத் தெரியல்ல. நான் அஞ்சாம் வகுப்பு. என்ட ரேடியோ இருவது வருசமாப் பாடுது."

"கேட்டீங்களா சேர்? உங்கட மாமியே சொல்றாங்க" என்றார் கலந்தர்.

நீங்கள் திரைச்சீலைப் பக்கம் ஒரு தரம் திரும்பினீர்கள். வெட்கத்தில் திரும்பினீர்கள் என்று அன்றைக்கு நினைத்தேன். எல்லாம் தெரிந்துகொண்டு திரும்பியிருக்கிறீர்கள். ஒரு சொல், ஒரேயொரு சொல் பூனையிடம் சொல்லியிருந்தால் போதுமே. மாமியின் முகம் நாலு பேர் முன்னால் கருகக்கூடாது என்று உங்கள் முகத்தைக் கொடுத்தீர்கள். அதற்குப் பிறகும் என் கையால் ஊற்றின தேத்தண்ணியைக் குடித்தீர்கள். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூடத்தில் விழுந்த நாள் காலையிலும் குடித்துவிட்டுத்தான் போனீர்கள்.

அந்த வயல் விசாரணை இன்னும் முடியவில்லை. கலந்தர் தான் அறிந்ததைச் சொல்லி ஒரு மனுக் கொடுத்தார். அதில் வாய்க்கால் இருக்கிறது, மரம் இல்லை. அன்றைக்கு முற்றத்தை விட்டு இறங்கினவர் பிறகு உங்களோடு முகம் பார்த்துக் கதைக்கவும் இல்லை.

கொப்பியைக் கதீஜாவிடம் கொடுத்தேன். வாசித்து மூடினாள். "எனக்கும் சொல்லல்லையே உம்மா" என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். நான் கலந்தரிடம் போகப் போகிறேன் என்றதும் கையைப் பிடித்தாள்.

"என்னத்துக்கு இப்ப? அவரே மூடி வெச்சதை நீங்க திறக்கப் போறீங்களா? ஊர் சிரிக்கும்."

"சிரிக்கட்டும். தெரு கேக்க ஏசினவள் நான். தெரு கேக்கத்தான் சொல்லணும்."

நேற்றுக் காலை புடவையை மாற்றிக்கொண்டு தனியாகப் போனேன். கலந்தர் தன் அரிசிக் கடையில் நின்றார். சாமான் வாங்க வந்த இரண்டு பேர் இருந்தார்கள். நல்லதென்று நினைத்தேன். ஸலாம் சொல்லிவிட்டு நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். சுவிச்சு, பாங்கு, கொப்பி, ஒன்றையும் விடவில்லை. "உங்கட வாப்பாட கதையை அழிச்சது என்ட கை, தம்பி. எங்கட சேர் இல்ல. நீங்க ஏசுறதா இருந்தா இப்ப என்னை ஏசுங்க" என்றேன்.

முதலில் அவர் சிரிக்கப் பார்த்தார். "என்ன உம்மா, ஆராவது சொல்லித் தந்தாங்களா?" என்றார். கொப்பியைக் கையில் கொடுத்தேன். வாசித்தார். சாமான் வாங்க வந்தவர்களில் ஒருவர் மெதுவாக இறங்கிப் போய்விட்டார். கலந்தர் அரிசி மூட்டையில் அப்படியே இருந்தார். அவர் ஏசுவார், கத்துவார், கடையை விட்டுப் போகச் சொல்வார் என்று எல்லாவற்றுக்கும் மனதைக் கட்டிக்கொண்டுதான் போயிருந்தேன். அவர் சொன்னதற்கு நான் கட்டிக்கொண்டு போகவில்லை.

"சேர்ட ஜனாஸாவுக்கு வந்தன், உம்மா. ஊர் பேசும் எண்டுதான் வந்தன். மையத்து வெச்ச சந்தூக்கு என்ட தோளுக்கு நேர வந்தது. மத்த ஆக்கள் மாறி மாறித் தோள் குடுத்தாங்க. நான் விலகி நிண்டன். இந்த மனிசனுக்கு நான் தூக்க மாட்டன் எண்டு மனசால சொல்லிக்கிட்டே நிண்டன்."

பிறகு தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார்.

"இதை நீங்க சொல்லாம விட்டிருந்தா எனக்கு நல்லம். இனி நான் ஆருட்டப் போய்ப் பொறுக்கச் சொல்லிக் கேக்கிற?"

மருமகன், பொறுத்துக்கொள்ளுங்கள் என்று நான் கேட்கப் போன இடத்தில், அந்த மனிதரும் என்னைப் போலவே கேட்க ஆளில்லாமல் இருந்தார். உண்மையைச் சொல்லி உங்கள் பேரைத் துடைத்துவிட்டேன், அதில் எனக்குச் சந்தேகமில்லை. இன்றைக்குக் காலையிலேயே ஊரில் கதை பரவிவிட்டது. சுபைதா வேலிக்கு வரவில்லை. வராமலே இருக்கட்டும். ஆனால் சாகும்வரை ஒரு நல்ல மனிதர் தூக்கித் திரிய வேண்டிய பாரத்தை அவர் தலையில் வைத்துவிட்டு வந்தவளும் நானேதான்.

நேற்று வீட்டுக்கு வந்ததும் கதீஜா அறைக்குள் இருந்து கேட்டாள். "என்ன சொன்னார் உம்மா? ஏசினாரா?"

"இல்ல புள்ள. சேர் நல்ல மனிசரெண்டு எனக்குத் தெரியும் எண்டார். துஆச் செய்யிறன் எண்டார்."

அவள் முகம் இத்தனை நாளுக்குப் பிறகு கொஞ்சம் தெளிந்தது. உங்கள் சந்தூக்குக்கு ஒரு தோள் குறைந்தது அவளுக்குத் தெரியாது. என் வாயால் தெரிய வராது.